விண்டோஸின் மீட்பு வசதியே கைவிட்டால் என்ன செய்வது?

மூதூரில் படிப்பிக்கும் ஒரு தங்கச்சி கேட்ட கேள்வி இது. மாரி மழையோடு மின்சாரம் போன இரவில் அவருடைய லப்டொப்பில் விண்டோஸ் 11 அப்டேட் ஓடிக்கொண்டிருந்தது. பற்றரி பழையது என்பதால் பாதியில் நின்றுவிட்டது. மறுநாள் திறந்தால் "ஒட்டோமெட்டிக் ரிப்பேர்" என்று வந்து, சற்று நேரம் சுற்றிவிட்டு, கணினியைச் சரிசெய்ய முடியவில்லை என்கிறது. சிஸ்டம் ரிஸ்டோருக்குள் போனால் மீட்புப் புள்ளி ஒன்றுகூட இல்லை. ரீசெட்டை அழுத்தினால் கொஞ்ச தூரம் ஓடி, சிக்கல் ஏற்பட்டது, மாற்றம் எதுவும் செய்யப்படவில்லை என்று திரும்பி வந்து நிற்கிறது. உள்ளே மூன்று வருடத்துப் பரீட்சைத் தாள்கள், தவணைப் புள்ளிகள், பிள்ளையின் படங்கள். ரவுணில் ஒரு கடையில் "ஃபோர்மட் அடிச்சுத் தாறம்" என்கிறார்களாம். கொடுக்கலாமா?

இப்போதைக்குக் கொடுக்கவேண்டாம் தங்கச்சி. நீங்கள் எழுதியதைப் பார்த்தால் பழுதானது விண்டோஸ் தொடங்கும் பகுதிதான். உங்கள் கோப்புகள் பெரும்பாலும் அப்படியே இருக்கும். ஃபோர்மட் செய்தால் விண்டோஸ் புதிதாக வரும், தாள்கள் போய்விடும். உள்ளே இருப்பது எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத புதிய வகை டிஸ்க்) என்றால், அழிந்தவற்றை மென்பொருள் போட்டுத் தேடி எடுப்பதும் பெரும்பாலும் நடக்காது. அழிந்ததாகக் குறிக்கப்பட்ட இடங்களை எஸ்எஸ்டி தானாகவே துடைத்துவிடும். ஆகவே முதலில் கோப்புகளை வெளியே எடுங்கள், பிறகு பழுது பாருங்கள், ரீசெட்டைக் கடைசிக்கு வையுங்கள். பதற்றத்தில் பலர் இதைத் தலைகீழாகச் செய்து, ரீசெட் மறுத்தவுடன் ஃபோர்மட்டுக்குப் போய்விடுகிறார்கள். அந்த ஒரு அவசரத்தில்தான் குடும்பப் படங்கள் எல்லாம் போகின்றன.

"ஒட்டோமெட்டிக் ரிப்பேர்" பிறகு மெனுவோடு வரும் அந்த நீலத் திரை ஒரு சின்ன விண்டோஸ். விண்டோஸ் ஆர்ஈ என்பது அதன் பெயர். விஸ்டா காலத்தில் வந்தது. ஹார்ட் டிஸ்கில் தனக்கென்று உள்ள சிறிய பகுதியில் கிடக்கும். உங்கள் விண்டோஸ் அடுத்தடுத்து இரண்டு முறை தொடங்கத் தவறினால், நினைவகத்தில் ஏறி எக்ஸ் என்ற டிரைவ் எழுத்தோடு ஓடத் தொடங்கும். உங்களுக்கு மெனு தெரிகிறது, ஒவ்வொன்றாக அழுத்தவும் முடிகிறது. அப்படியென்றால் அந்தச் சின்ன விண்டோஸ் உயிரோடு இருக்கிறது, இது நல்ல செய்தி. அதற்குள் இருக்கும் கருவிகள் ஒரே பட்டியலில் வரிசையாக நின்றாலும், ஒவ்வொன்றும் வேறு வேறு இடத்தை நம்பி வேலை செய்கிறது. ஸ்டார்ட்அப் ரிப்பேர் தொடக்கக் கோப்புகளைப் பார்க்கிறது. சிஸ்டம் ரிஸ்டோர், சி டிரைவில் முன்பே எடுத்து வைத்த நகல்களை, அதாவது மீட்புப் புள்ளிகளைத் தேடுகிறது. ரீசெட், ஏற்கனவே உள்ள விண்டோஸ் கோப்புகளைக் கொண்டே புது விண்டோஸைக் கட்டப் பார்க்கிறது. மூன்றும் தோற்றதால் எல்லாம் முடிந்தது என்று எண்ணவேண்டாம். மூன்றும் தனித்தனிக் காரணத்தால் தோற்றிருக்கின்றன.

தொடங்குமுன் சார்ஜரைச் செருகுங்கள். மழை ஓய்ந்து மின்சாரம் நிலையாக இருக்கும் பகல் வேளையில் உட்காருவது நல்லது. ஒரு வெற்று பென் டிரைவோ வெளி ஹார்ட் டிஸ்கோ பக்கத்தில் இருக்கட்டும்.

முதல் தடை பிட்லொக்கர் என்ற விண்டோஸின் டிஸ்க் பூட்டாக இருக்கலாம். கட்டளைகளைத் தட்டும் பெட்டியான கொமாண்ட் ப்ரொம்ப்டைத் திறக்கும்போது 48 இலக்கத் திறவுகோல் கேட்டால், உங்கள் டிஸ்க் பூட்டப்பட்டிருக்கிறது என்று பொருள். இது வைரஸ் வேலை அல்ல. மைக்ரோசொஃப்ட் கணக்கோடு தொடங்கிய புதிய லப்டொப்புகளில் இந்தப் பூட்டு உரிமையாளருக்குத் தெரியாமலே விழுந்துவிடும். விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பிலிருந்து புதிதாக நிறுவும் கணினிகளில் இது இன்னும் பரவலாகிவிட்டது. திறவுகோல் அந்தக் கணக்கிலேயே சேமிக்கப்பட்டிருக்கும். கைபேசியில் மைக்ரோசொஃப்ட் கணக்கின் பக்கத்துக்குப் போய், சாதனங்கள் என்ற இடத்தில் உங்கள் லப்டொப்பைத் தேர்ந்தால் பிட்லொக்கர் திறவுகோல்கள் தெரியும். ஒன்றுக்கு மேல் இருந்தால், நீலத் திரையில் காட்டும் அடையாளக் குறியின் முதல் எட்டு எழுத்துகளோடு எது ஒத்துப்போகிறதோ அதுதான் உங்களுடையது. எந்தக் கணக்கு என்று நினைவில்லையா? லப்டொப்பை முதன்முதலில் தயார் செய்து தந்தவரிடம் கேளுங்கள். தம்பியின் மின்னஞ்சலிலோ, விற்ற கடைக்காரர் திறந்த கணக்கிலோ அது கிடப்பது சாதாரணம். அந்த இலக்கம் இல்லாமல் டிஸ்கைத் திறக்க எந்தக் கடைக்காரராலும் முடியாது, மைக்ரோசொஃப்டாலும் முடியாது. ஆகவே இதைத் தேடுவதற்கு எவ்வளவு நேரம் போனாலும் பரவாயில்லை. தேடிக் கிடைக்கும்வரை ரீசெட்டையும் தொடவேண்டாம்.

சரி, திறந்தாயிற்று. இனிக் கோப்புகளை எடுப்போம். டிரபிள்ஷூட், அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸ், கொமாண்ட் ப்ரொம்ப்ட் என்று போங்கள். கறுப்புப் பெட்டி வந்ததும் நோட்பேட் என்று ஆங்கிலத்தில் தட்டி என்டர் அழுத்துங்கள். நோட்பேட் திறக்கும். அதில் ஃபைல், ஓபன் என்று போய், கீழே கோப்பு வகையை "ஓல் ஃபைல்ஸ்" என்று மாற்றுங்கள். இப்போது அந்தச் சிறிய பெட்டிக்குள்ளேயே உங்கள் டிரைவ்கள் எல்லாம் தெரியும். யூசர்ஸ் கோப்புறைக்குள் உங்கள் பெயரில் இருப்பதை வலது கிளிக் செய்து கொப்பி எடுத்து, பென் டிரைவில் பேஸ்ட் செய்யலாம். இங்கே நகலெடுக்கும்போது முன்னேற்றம் காட்டும் பட்டை வராது. பெட்டி உறைந்துபோனதுபோல நிற்கும். பலர் இந்த இடத்தில்தான் பொறுமை இழந்து பவர் பொத்தானை அழுத்திவிடுகிறார்கள். விட்டுவிட்டு வேறு வேலையைப் பாருங்கள், முடிந்ததும் பெட்டி மீண்டும் அசையும். ஒரேயடியாக முழுக் கோப்புறையையும் இழுக்காமல் டெஸ்க்டொப், டொகுமெண்ட்ஸ், பிக்சர்ஸ், டவுன்லோட்ஸ் என்று பிரித்து எடுத்தால் எது முடிந்தது என்று தெரியும்.

டிரைவ் எழுத்துகள் இங்கே மாறியிருக்கலாம். வழக்கமாக சி என்று பார்த்தது டி என்றோ ஈ என்றோ தெரியலாம். எக்ஸை விட்டுவிட்டுப் பாருங்கள்; யூசர்ஸ், விண்டோஸ் என்ற இரண்டு கோப்புறையும் எதற்குள் இருக்கிறதோ, உங்கள் பெயரும் யூசர்ஸுக்குள் தெரிகிறதோ, அதுதான் உங்கள் டிரைவ். இந்த எழுத்தைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டும். பென் டிரைவ் ஃபெட்32 என்ற பழைய சேமிப்பு முறையில் இருந்தால் 4 ஜிபிக்குப் பெரிய கோப்பு ஏறாது. நீண்ட வீடியோக்கள் ஏறாமல் நிற்பது இதனால்தான்.

மைக்ரோசொஃப்டின் இணையச் சேமிப்பான ஒன்ட்ரைவ் இயங்கிக்கொண்டிருந்தால் டெஸ்க்டொப்பும் டொகுமெண்ட்ஸும் உங்கள் பெயர்க் கோப்புறைக்குள் ஒன்ட்ரைவ் என்ற இன்னொரு கோப்புறையில் இருக்கும். அங்குள்ள சில கோப்புகள் பெயர் மட்டும் தெரியும், உள்ளடக்கம் இணையத்தில் இருக்கும். நகலெடுக்கப் போனால் பிழை காட்டும். பயப்படவேண்டாம், கைபேசியில் அதே கணக்கால் நுழைந்து பார்த்தால் அவை இருக்கும்.

பரீட்சைத் தாள் தயாரிக்கும் எங்கள் ஆசிரியர்கள் எல்லோருக்கும் ஒன்றைச் சொல்லவேண்டும். உங்கள் பழைய தாள்கள் பாமினி எழுத்துருவில் தட்டப்பட்டவை என்றால், விண்டோஸ் கோப்புறைக்குள் ஃபொண்ட்ஸ் என்று இருப்பதையும் நகலெடுங்கள். ரீசெட் செய்யும்போது "கீப் மை ஃபைல்ஸ்" என்று தேர்ந்தாலும், நாம் பிறகு போட்ட மென்பொருள்களும் எழுத்துருக்களும் போய்விடும். தாள்கள் பத்திரமாக இருக்கும், ஆனால் திறந்தால் தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்தும் குறியும் கலந்து நிற்கும். அதைப் பார்த்துக் கோப்பு கெட்டுவிட்டது என்று அழித்தவர்கள் இருக்கிறார்கள். எழுத்துருவை மீண்டும் போட்டாலே எல்லாம் பழையபடி வந்துவிடும்.

நகலெடுக்கும்போது ஒவ்வொரு கோப்புக்கும் நிமிடக் கணக்கில் இழுத்தாலோ, ஹார்ட் டிஸ்கில் இருந்து டக் டக் என்று சத்தம் வந்தாலோ கதை வேறு. அது டிஸ்க் சாகும் அறிகுறி. அப்போது பழுதுபார்க்கும் கட்டளைகள் எதையும் ஓட்டவேண்டாம். மிக முக்கியமானதை மட்டும் முதலில் எடுத்து, லப்டொப்பை அணைத்துவிடுங்கள். குறிப்பாக, டிஸ்கைச் சோதிக்கும் செக்டிஸ்க் கட்டளையை ஆர் என்ற தெரிவோடு ஓட்டினால் அது டிஸ்க் முழுவதையும் மணிக்கணக்கில் படிக்கும். சாகக் கிடக்கும் டிஸ்கை அது சாகடித்தேவிடும்.

கோப்புகள் கைக்கு வந்த பிறகு பழுதைப் பார்ப்போம். உங்கள் சிக்கல் அப்டேட் பாதியில் நின்றதால் வந்தது. எனவே நான் முதலில் போவது "அன்இன்ஸ்டோல் அப்டேட்ஸ்" என்ற இடத்துக்குத்தான். அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸுக்குள் இருக்கிறது. ஆச்சரியம் என்னவென்றால் பலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அதில் மாதாந்த அப்டேட் நீக்கத்துக்கு ஒன்று, பெரிய பதிப்பு மாற்றத்துக்கு ஒன்று என இரண்டு தெரிவு வரும். முதலில் மாதாந்த அப்டேட்டை நீக்கிப் பாருங்கள். பெரிய பதிப்பு மாற்றத்தைப் பின்வாங்க வழக்கமாக 10 நாள்தான் அவகாசம்.

அது மறுத்தால் கொமாண்ட் ப்ரொம்ப்டுக்குத் திரும்புங்கள். விண்டோஸ் கோப்புறைக்குள் சிஸ்டம்32, அதற்குள் லொக்ஃபைல்ஸ், அதற்குள் எஸ்ஆர்டி என்ற கோப்புறையில் எஸ்ஆர்டி டிரெயில் என்ற உரைக்கோப்பு இருக்கும். ஸ்டார்ட்அப் ரிப்பேர் என்னென்ன சோதித்தது, எங்கே தோற்றது என்பதெல்லாம் அதில் பதிவாகியிருக்கும். முன்பு செய்ததுபோல நோட்பேடிலேயே திறந்து கடைசிப் பகுதியைப் படியுங்கள். ஒரு குறிப்பிட்ட கோப்பின் பெயரைச் சொல்லி அது கெட்டுவிட்டது என்று எழுதியிருந்தால், பாதி வேலை முடிந்த மாதிரி.

அடுத்து ஓட்டவேண்டியது டிஸம் என்ற கருவி. நிறுவி முடியாமல் தொங்கிக்கொண்டிருக்கும் அப்டேட் வேலைகளை ரத்து செய்ய அதில் "ரிவேர்ட் பெண்டிங் ஆக்‌ஷன்ஸ்" என்று ஒரு தெரிவு இருக்கிறது. தொடங்க மறுக்கும் விண்டோஸுக்கென்றே வைத்திருப்பது அது. உங்கள் நிலைமைக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. "இமேஜ்" என்ற இடத்தில், நான் குறித்து வைக்கச் சொன்ன டிரைவ் எழுத்தைக் கொடுக்கவேண்டும். அதன் பிறகு செக்டிஸ்க்கை எஃப் தெரிவோடு ஓட்டுங்கள்; மின்சாரம் போனதால் குலைந்த கோப்பு அட்டவணையை அது சீர்செய்யும். பிறகு, விண்டோஸின் சொந்தக் கோப்புகளைச் சோதித்துச் சரிசெய்யும் எஸ்எஃப்சி. இதை வெறுமனே ஓட்டினால் எக்ஸ் டிரைவில் ஓடும் சின்ன விண்டோஸையே சோதிக்கப் பார்க்கும், பிழை காட்டி நிற்கும். ஓஃப்பூட்டிர், ஓஃப்வின்டிர் என்ற இரண்டு தெரிவையும் சேர்த்து, எந்த டிரைவ், எந்த விண்டோஸ் கோப்புறை என்று சொல்லவேண்டும். நம்மவர்கள் பலர் "எஸ்எஃப்சி வேலை செய்யவில்லை" என்று சொல்வதன் காரணம் இதுதான். தொடக்கக் கோப்புகள்தான் கெட்டிருக்கின்றன என்று பதிவு சொன்னால், பிசிடிபூட் என்ற கட்டளைக்கு விண்டோஸ் கோப்புறையின் பாதையைக் கொடுத்தால் அவற்றைப் புதிதாக எழுதித் தரும். பூட்ரெக் ஃபிக்ஸ்பூட் என்று எல்லோரும் சொல்லும் பழைய கட்டளை, புதிய லப்டொப்புகளில் அனுமதி இல்லை என்று மறுப்பது வழக்கம். அதோடு மல்லுக்கட்டவேண்டாம்.

இனி சிஸ்டம் ரிஸ்டோர். ஏன் ஒரு புள்ளியும் இல்லை? பெரும்பாலான கணினிகளில் விண்டோஸ் 10, 11 இரண்டிலும் சிஸ்டம் ப்ரொடெக்‌ஷன் ஆரம்பத்திலேயே அணைந்திருக்கும். அணைந்திருந்தால் புள்ளிகள் உருவாகவே மாட்டா. இயக்கியிருந்தாலும், ஒதுக்கிய இடம் நிரம்பினால் பழையவை அழியும்; பெரிய பதிப்பு மாற்றம் வந்தாலும் அழியும்; 24எச்2இல் 2025 ஜூன் அப்டேட்டுக்குப் பிறகு ஒரு புள்ளி அதிகபட்சம் 60 நாள்தான் நிற்கும். இல்லாத புள்ளியை இப்போது உருவாக்க வழி இல்லை, எனவே உங்கள் விடயத்தில் இந்தக் கதவு மூடியாயிற்று. புள்ளி இருப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: ரிஸ்டோர், சிஸ்டம் கோப்புகளையும் ரெஜிஸ்ட்ரி என்ற அமைப்புப் பதிவேட்டையும் மென்பொருள்களையும்தான் பழைய நாளுக்குக் கொண்டுபோகும். அழிந்த படத்தைத் திருப்பித் தராது, இருக்கும் படத்தைத் தொடவும் செய்யாது. விண்டோஸுக்குள் இருந்து ஓட்டும்போது 80070005 என்று முடியும் பிழை வந்தால், பெரும்பாலும் வைரஸ் தடுப்பு மென்பொருள் குறுக்கே நிற்கிறது. அதே புள்ளியை இந்த நீலத் திரையில் இருந்து ஓட்டினால் பல நேரம் சுகமாக முடிந்துவிடும்.

ரீசெட் தோற்றதற்கு வருவோம். அதில் இரண்டு வழி உண்டு. லோக்கல் ரீஇன்ஸ்டோல் என்பது, கெட்டுப்போன அதே விண்டோஸின் கோப்புகளை எடுத்தே புதியதைக் கட்டுவது. அப்டேட் பாதியில் நின்று அந்தக் கோப்புகள் குலைந்திருந்தால் அது தோற்கத்தான் செய்யும். எத்தனை முறை அழுத்தினாலும் அதேதான். க்ளவுட் டவுன்லோட் என்றால் மைக்ரோசொஃப்டிடம் இருந்து முழுமையாக இறக்கிக் கட்டும். ஏறத்தாழ 4 ஜிபி டேட்டா போகும். இரவு டேட்டா பக்கேஜ் வைத்திருப்பவர்கள் கணக்குப் பார்த்துச் செய்யுங்கள். நீலத் திரையில் வைஃபை டிரைவர் சில லப்டொப்புகளில் இருக்காது, ரவுட்டரில் இருந்து கேபிள் இழுத்துச் செருகினால் பெரும்பாலும் இணைப்புக் கிடைக்கும்.

சில நேரம் தவறு உங்கள் பக்கமே இருக்காது. 2025 ஓகஸ்ட் 12 அன்று வந்த பாதுகாப்பு அப்டேட், விண்டோஸ் 10இலும் 11இன் 22எச்2, 23எச்2 பதிப்புகளிலும் ரீசெட்டையே உடைத்தது. ஒரு வாரம் கழித்து 19ஆம் திகதி மைக்ரோசொஃப்ட் திருத்தம் வெளியிட்டது. அதே வருடம் ஒக்டோபர் 14 அப்டேட்டுக்குப் பிறகு 24எச்2, 25எச்2 கணினிகளில் நீலத் திரை வந்தாலும் யூஎஸ்பி மவுஸும் கீபோர்டும் வேலை செய்யவில்லை. மெனுவைப் பார்க்கலாம், எதையும் தெரிவு செய்ய முடியாது. அதற்கு 20ஆம் திகதி கேபி 5070773 என்ற அவசரத் திருத்தம் வந்தது. 2024 ஜனவரியில் விண்டோஸ் 10க்கு வந்த கேபி 5034441, பலருடைய கணினியில் 80070643 என்று முடியும் பிழையோடு நின்றதற்குக் காரணம் மீட்புப் பகுதியில் 250 எம்பி வெற்றிடம் இல்லாததுதான். உங்கள் லப்டொப் எந்த மாத அப்டேட்டில் நின்றது என்று தெரிந்தால் இப்படிப் பல மணி நேர அலைச்சல் மிச்சமாகும்.

க்ளவுட் டவுன்லோடும் மறுத்தால் வெளியில் இருந்து ஒரு விண்டோஸ் வேண்டும். ரவுணில் நல்ல இணைய இணைப்போடு கணினி வைத்திருக்கும் உறவினர் யாரிடமாவது 8 ஜிபி பென் டிரைவ் ஒன்றைக் கொடுத்து, மைக்ரோசொஃப்டின் மீடியா கிரியேஷன் டூல் மூலம் விண்டோஸ் 11 ஏற்றி வாங்குங்கள். லப்டொப்பைச் சுமந்துகொண்டு கிண்ணியாப் பாலம் தாண்டி வரத் தேவையில்லை, பென் டிரைவ் வந்தால் போதும். அந்தப் பென் டிரைவில் ஏற்கனவே இருப்பதெல்லாம் அழியும் என்பதால் உங்கள் தாள்கள் ஏற்றிய பென் டிரைவை இதற்குக் கொடுத்துவிடாதீர்கள். இதிலிருந்து தொடங்கி "ரிப்பேர்" என்பதைத் தேர்ந்தால் அதே கருவிகள் புதிய நகலில் கிடைக்கும். மீட்பு மெனுவே வராதவர்களுக்கும் இதுதான் வழி. விண்டோஸை நிறுவும் இடத்தில் டிஸ்கே இல்லை என்று காட்டினால் டிஸ்க் செத்துவிட்டது என்று முடிவு கட்டவேண்டாம். இன்டெல் 11ஆம் தலைமுறையிலிருந்து பல லப்டொப்புகளுக்கு ரெப்பிட் ஸ்டோரேஜ் என்ற டிரைவரைத் தனியாகக் கொடுத்தால்தான் டிஸ்க் தெரியும். லப்டொப் நிறுவனத்தின் தளத்தில் இருந்து அதை இறக்கி, விரித்து, அதே பென் டிரைவில் போட்டு, "லோட் டிரைவர்" என்று காட்டினால் டிஸ்க் தோன்றும்.

விண்டோஸ் திரும்ப வந்த அன்றே சில வேலைகளை முடித்துவிடுங்கள். நிர்வாகி உரிமையோடு கொமாண்ட் ப்ரொம்ப்டைத் திறந்து, மீட்பு வசதி இயங்குகிறதா என்று காட்டும் ரீஏஜென்ட்சி கட்டளையை இன்ஃபோ தெரிவோடு ஓட்டுங்கள். எனேபிள்ட் என்று வந்தால் சரி. டிசேபிள்ட் என்றால் எனேபிள் தெரிவோடு மீண்டும் ஓட்டுங்கள். பழைய ஹார்ட் டிஸ்கைக் கழற்றி எஸ்எஸ்டி போட்ட லப்டொப்புகளில் மீட்புப் பகுதியையே நகலெடுக்காமல் விட்டிருப்பார்கள். எஃப்11 அழுத்தினால் தொழிற்சாலை மீட்பு வரும் என்று நம்பியிருப்பவர்களுக்கு அது வராமல் போவதும் அதனால்தான். டிஸ்க் மாற்றக் கொடுக்கும்போதே அந்தப் பகுதியும் வேண்டும் என்று சொல்லிக் கொடுங்கள். சிஸ்டம் ப்ரொடெக்‌ஷனை இயக்கி ஐந்து முதல் பத்து சதவீதம் இடம் ஒதுக்குங்கள். 48 இலக்கத்தைத் தாளில் எழுதி வீட்டில் வையுங்கள். பற்றரியை மாற்றும்வரை, கார்த்திகை மார்கழியில் வானம் இருண்டிருக்கும் நாட்களில் அப்டேட்டைத் தள்ளிப்போடலாம். செட்டிங்ஸில் சில வாரம் நிறுத்தி வைக்க வசதி இருக்கிறது. நிரந்தரமாக நிறுத்தவேண்டாம்.

இன்று திறவுகோலைத் தேடி, கோப்புகளை எடுத்துப் பாருங்கள். எஸ்ஆர்டி டிரெயிலின் கடைசிப் பகுதியைப் படம் எடுத்து அனுப்பினால் அடுத்து எந்தக் கட்டளை என்று பார்த்துச் சொல்கிறேன். 48 இலக்கத்தை மட்டும் எனக்கும் அனுப்பவேண்டாம், கடைக்காரருக்கும் கொடுக்கவேண்டாம்.